இறக்கைக்குள் நான்கு என்ஜின் வைத்த பழைய உலோக மாடல், எந்த விமானம்?

பழையஉலோகம்:
ரொம்பப் பழைய மாடல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அடியில் ஸ்டாண்டு மாட்டும் துளை மட்டும்தான், தயாரித்தவர் பெயர் இல்லை, பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. என்ஜின் எதுவும் வெளியே தொங்கவில்லை. இறக்கை உடம்போடு சேருகிற இடத்திலேயே பக்கத்துக்கு இரண்டு துளை. இறக்கையின் முன்விளிம்பில், முனைக்குக் கொஞ்சம் உள்ளே, மாத்திரை மாதிரி ஒரு புடைப்பு. நீளம் 22.3 செ.மீ., இறக்கை முனைக்கு முனை 23. டியூ-104 என்ற சோவியத் ஜெட் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

வால்பார்ப்பவன்:
டியூ-104 இல்லவே இல்லை. அதற்குப் பக்கத்துக்கு ஒரே என்ஜின்தான், அப்புறம் சக்கரம் மடங்கும் கூடு இறக்கைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். உங்களுடையது டி ஹாவிலண்ட் காமெட், 1952இல் பயணிகள் சேவைக்கு வந்த முதல் ஜெட்.

அளவுகோல்:
காமெட் சரி, ஆனால் எந்த காமெட்? அந்தப் புடைப்பு எரிபொருள் டேங்க். காமெட் 1இலும் 4பியிலும் அது கிடையாது. மிச்சத்தை உங்கள் அளவே சொல்லிவிடும், மாடல் நிஜத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்று தெரிய வேண்டியதில்லை, நீளத்தை இறக்கை அகலத்தால் வகுத்தால் போதும்: உங்களுக்கு 0.97 வருகிறது. நிஜ காமெட் 4 சுமார் 34 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், அதே 0.97. 4சி என்றால் உடம்பு நீண்டு, நீளம் அகலத்தைத் தாண்டிவிடும். காமெட் 3க்கும் இதே வடிவம்தான், ஆனால் பறந்தது ஒன்றே ஒன்று, அதனால் நான் 4 என்றே சொல்வேன். தயவுசெய்து மேலே பெயின்ட் அடித்துவிடாதீர்கள், மிச்சமிருக்கிற பழைய பூச்சுதான் சாட்சி. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை வாலுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பாருங்கள், உரிந்துபோன எழுத்துக்கும் விளிம்பு தெரியும்.

பழையஉலோகம்:
பார்த்தேன்! வாலில் கருநீலம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது, அதன் மேல் பி, ஓ இரண்டு எழுத்தின் மேடு தெரிகிறது, அடுத்தது சுரண்டப்பட்டுப் போயிருக்கிறது.

அளவுகோல்:
அப்படியானால் பிஓஏசி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் விமான நிறுவனம். கருநீல வாலில் வெள்ளை எழுத்து அவர்களுடையதுதான். 1958 அக்டோபர் 4ஆம் தேதி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது இந்த காமெட் 4தான். முடிந்தால் வாலின் படம் ஒன்று போடுங்கள், அதே சாய்ந்த வெளிச்சத்தில்.