"தைரியமா இரு" என்கிறார்கள், அது எப்படி வந்தது உங்களுக்கு?

எனக்கு ஏஎம்எல், வேகமாக முற்றும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தைரியமா இரு என்றார்கள், எப்படி இருப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லித் தந்தது ஒரு நைட் டியூட்டி நர்ஸ்தான். ரத்த ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) எங்கே, பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணு) எங்கே, 500க்குக் கீழே நியூட்ரோபில் போனால் என்ன ஆகும் என்று நின்று நிதானமாக விளக்கினார். அன்றிலிருந்து ஒரு நோட்டில் நானே எழுதி வைக்கிறேன். கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்கும் என்று முன்பே தெரிந்தால் இறங்கும்போது அவ்வளவு பயம் வருவதில்லை.

கீமோ மருந்தில் வாய் புண்ணாவதுதான் பெரிய தொல்லை. பஞ்சு மாதிரி மெத்தென்ற பிரஷ், சாப்பிட்ட பிறகு உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு, ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் பக்கமே போகக் கூடாது. புண் வந்த பிறகு கொப்பளிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், எச்சில் முழுங்கக்கூட முடியாமல் போகும். எழுந்து உட்காரவே தெம்பில்லாத நாளிலும் இந்த ஒரு வேலையை நானே செய்தேன். சின்ன வேலைதான், ஆனால் அன்றைக்கு என் உடம்பு என் கையில் இருந்தது போல இருந்தது.

---

அண்ணா, எனக்கு ஏஎல்எல், அதுவும் ரத்தப் புற்றுநோயில் இன்னொரு வகை. முடி கொட்டியதைவிட ஸ்டீராய்டில் முகம் ஊதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன், அது என் குணமில்லை, மாத்திரையின் வேலை என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகுதான் வீட்டில் கொஞ்சம் அமைதி. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தில் விரல் நுனி மரத்துப்போய் சட்டைப் பட்டன் போடுவதே பெரும்பாடு. சரி, பட்டன் இல்லாத உடுப்புக்கு மாறிவிட்டேன், அதுக்கெல்லாம் கண்ணீர் விட முடியாது.

எனக்குத் தைரியம் வந்தது வாசலில். கவுண்ட் குறைவாக இருந்தபோது இருமிக்கொண்டே வந்த பெரியப்பாவிடம், "பெரியப்பா, தப்பா எடுத்துக்காதீங்க, இருமல் நின்னதும் வாங்க" என்று சொல்லிவிட்டேன். மனஸ்தாபம்தான், பரவாயில்லை. நோயாளி என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

அப்புறம் காய்ச்சல். 38 டிகிரி (பாரன்ஹீட்டில் 100.4) தொட்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளாதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

---

அக்கா சொன்ன காய்ச்சல் விஷயத்தை எல்லாரும் வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள், நமக்கே சுயநினைவு சரியில்லாத நேரத்தில் அவர்கள்தான் போன் எடுக்க வேண்டும்.

எனக்கு சைட்டரபின் என்ற கீமோ மருந்தை அதிக டோஸில் கொடுத்தபோது ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன்னால் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், மூக்கைத் தொடச் சொல்வார்கள். சிறுமூளையை மருந்து பாதிக்கிறதா என்று பார்க்கிறார்களாம். முதலில் எரிச்சலாக இருந்தது, காரணம் தெரிந்த பிறகு நானே பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் நேரம் தவறாமல் விட வேண்டும், நர்ஸ் மறந்தால் நாம் கேட்க வேண்டியதுதான். கேள்வி கேட்கிற நோயாளியை யாரும் வெறுப்பதில்லை, வெறுத்தாலும் கேளுங்கள்.

பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பு வழியாகப் போடும் நீளமான மெல்லிய குழாய்) போட்டிருப்பவர்கள் குளிக்கும்போது அது நனையாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நான் சுற்றுகிற கவர் பாதியிலேயே நழுவிவிடுகிறது.