வெதுவெதுப்பாக இருந்த கிடாக் குழம்பு

போன ஆடியில் பென்னாகரம் பக்கம் எங்கள் குலசாமிக்கு இரண்டு கிடா வெட்டினோம், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் பிடித்தவை. ராத்திரி ஒன்பது மணிக்குக் குழம்பை இறக்கினோம், பந்தி முடிந்தும் அண்டாவில் பாதி மிச்சம். தட்டைப் போட்டு மூடித் தணல் மேலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

காலையில் பெரியம்மா தொட்டுப் பார்த்து, "இன்னும் வெதுவெதுன்னு இருக்குது, கெட்டிருக்காது" என்றார். வாசனையும் மாறவில்லை. லேசாகச் சூடு காட்டி, களிக்கு ஊற்றி ஒரு பிடி பிடித்தோம் (நான் மூன்று உருண்டை, பொய் சொல்வானேன்). சாயங்காலம் வயிறு முறுக்க ஆரம்பித்தது. பதினோரு பேருக்கு மாற்றி மாற்றிப் பேதி. வாந்தி இல்லை, காய்ச்சலும் இல்லை. சித்தப்பா கிணற்றுத் தண்ணீர்தான் என்றார், பெரியம்மா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். ஆனால் ராத்திரியே சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டரிடம் இதைச் சொன்னதும், "குழம்பு ராத்திரி முழுக்க எதுல இருந்துச்சு?" என்றுதான் கேட்டார். அநேகமாகக் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி என்றார். கொதித்தாலும் அதன் வித்துகள் (கிருமி உறங்கிக் கிடக்கும் கெட்டியான வடிவம்) சாகாதாம். காற்றுப் போகாத அண்டா அடியில், சூடு இறங்கி 43 முதல் 47 டிகிரிக்கு வந்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், அதாவது பெரியம்மா நல்ல அறிகுறி என்று நினைத்த அதே வெதுவெதுப்பில். வித்து தாங்கினாலும் அதிலிருந்து முளைத்துப் பெருகிய கிருமி கொதியில் செத்துவிடும், அது உயிரோடு உள்ளே போய்க் குடலில்தான் நஞ்சை விடும் என்பதால், காலையில் தளதளவென்று கொதிக்க விட்டிருந்தாலே பெரும்பாலும் தப்பித்திருப்போம். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே கிடந்து, மறுநாள் எழுந்துவிட்டோம். இப்போதெல்லாம் மிச்சத்தை அகலத் தட்டுகளில் ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம், இடம் பற்றாவிட்டால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலும்.

*

நீங்கள் எழுதியதைப் படித்தேன், அண்ணா. எங்களுக்குக் கொதிக்க வைத்தும் பலனில்லை. காவேரிப்பட்டணத்தில் ஒரு காதுகுத்து. சமையல்காரர் கட்டைவிரலில் சீழ் வைத்த காயம், அதில் அழுக்குத் துணி வேறு. அந்தக் கையாலேயே வெந்த கோழியைப் பிய்த்துப் போட்டார், அது மதியம் வரை வெயிலில் வெளியே கிடந்தது. பரிமாறும்போது நன்றாகக் கொதிக்க வைத்தார்கள்தான், ஆனாலும் மூன்று மணி நேரத்தில் மண்டபம் முழுக்க வாந்தி. இது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி, கறியிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிடும், கிருமி செத்தாலும் நஞ்சு கொதியில் போகாது. அந்த விரலை நான் காலையிலேயே பார்த்தேன். மாமா வீட்டு விசேஷத்தில் எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டேன்.