சிந்தெடிக் ஆயில்தான் என்ஜினைக் கெடுத்ததா? திறந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஈரோடு, என்ஜின் பட்டறை:

சென்ற ஆண்டு ஒரு பழைய டீசல் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டார்ட் செய்தால் கிராங்க் பக்கம் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம். "இத்தனை வருடம் சாதா ஆயிலில் நன்றாக ஓடியது. மகன் பேச்சைக் கேட்டு சிந்தெடிக் (செயற்கை) ஆயில் ஊற்றினேன், நாலு மாதம்கூடத் தாங்கவில்லை" என்று பெரியவர் மிகவும் வருத்தப்பட்டார்.

என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினோம். பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலை முழுவதும் கறுப்புக் கசடு. வால்வு கவரின் உட்புறத்தில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குப் படிந்திருந்தது. நாலு மாதத்தில் இவ்வளவு சேராது. ஆயில் மாற்றும் தவணையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதால் சேர்ந்தது அது. புது ஆயிலில் இருந்த டிடர்ஜென்ட் என்னும் அழுக்கு நீக்கும் பொருள் கசடை இளக்கியிருக்கிறது. இளகியது வலையை அடைக்க, பிரஷர் விழுந்து, பேரிங்குக்கு ஆயில் ஏறவில்லை.

"அப்படியென்றால் ஆயில்தானே காரணம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல டிடர்ஜென்ட் உள்ள மினரல் ஆயிலை, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதா ஆயிலை ஊற்றியிருந்தாலும் இதே கதி நேர்ந்திருக்கலாம். அந்த வயது வண்டிக்கு முதலில் சம்ப்பை இறக்கிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். அல்லது முதல் இரண்டு முறையாவது சீக்கிரமே ஆயிலை வடித்திருக்க வேண்டும். ஆயில் மாற்றிக் கொடுத்தவர்கள் அவரிடம் இதைச் சொல்லவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சிந்தெடிக்தான் குற்றவாளி என்று திறந்து பார்த்துத் தெளிவானவர்கள் யாராவது உண்டா? கேள்விப்பட்டதை விட்டு, கண்டதை எழுதுங்கள்.

மதுரை, பைக் ஓட்டுபவர்:

என் பைக்கில் என்ஜின் போகவில்லை, கிளட்ச் போனது. ஒரு கடையில் காருக்கான சிந்தெடிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் அலறும், வண்டி நகராது. பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்தக் கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்குப் பொருள்கள் அந்தப் பிளேட்டுகளின் பிடிப்பைக் கெடுத்துவிடும். இதற்காகவே ஜப்பானியர்கள் ஜாசோ தரம் வகுத்தார்கள். நனையும் கிளட்ச்சுக்கு எம்ஏ அல்லது எம்ஏ2, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டருக்கு எம்பி. பிளேட் செட்டை மாற்றிய மெக்கானிக் "இனி சிந்தெடிக் பக்கமே போகாதீர்கள்" என்றார். நான் கேட்கவில்லை. எம்ஏ2 அச்சிட்ட முழு சிந்தெடிக்கில்தான் அதே பைக் இப்போது ஓடுகிறது, கிளட்ச் வழுக்குவதே இல்லை.

பெங்களூரு, ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்:

ஈரோட்டு நண்பர் கேட்டதற்கு என் துறையில் 'ஆம்' என்ற பதிலே உண்டு. சிறிய பிஸ்டன் விமானங்களின் 100எல்எல் பெட்ரோலில் இன்றும் ஈயம் இருக்கிறது. எரிந்தபின் மிஞ்சும் ஈயச் சேர்மங்களை ஆயில் தனக்குள் ஏந்திக்கொண்டால்தான் அவை ஆயிலோடு வடியும். மினரல் ஆயில் ஏந்தும். பிஏஓ எனப்படும் தூய செயற்கை அடிப்படை ஆயிலுக்குக் கரைக்கும் திறன் குறைவு. மொபில் ஏவி 1 என்ற முழு சிந்தெடிக் விமான ஆயிலில் இதுதான் நடந்தது: ஈயம் சாம்பல் நிறக் கசடாகப் படிந்து என்ஜின்கள் கெட்டன, வழக்குகள் வந்தன, 1990களில் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பின் இத்தகைய விமானங்களில் மினரல் ஆயிலும், சிந்தெடிக்கும் மினரலும் கலந்த ஆயிலும்தான் நிலைத்தன. இதைக் கேட்டுக் கார்காரர்கள் பயப்பட வேண்டாம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே பெட்ரோல் பங்குகளில் ஈயம் இல்லாத பெட்ரோல்தான்.

டெக்சாஸ், டிரக் வைத்திருப்பவர்:

இங்கே 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் 6.2 லிட்டர் வி8 என்ஜின் கொண்ட ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட்டிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு மெல்லிய 0டபிள்யூ-20 ஆயிலை வடித்துவிட்டு அதைவிடத் தடித்த 0டபிள்யூ-40 ஊற்றினார்கள். என் வண்டிக்கும் அதுவே. உடனே பலரும் "பார்த்தீர்களா, ஆயில்தான் காரணம்" என்றார்கள். ஊற்றியதும் சிந்தெடிக், வடித்ததும் சிந்தெடிக். மாறியது தடிமன் மட்டுமே. பேரிங்கில் சந்தேகம் இருக்கும்போது தடித்த ஆயில் படலம் கொஞ்சம் கூடுதலாகக் காக்கும். குறையுள்ள ராடை அது சரிசெய்துவிடாது.

ஈரோடு, என்ஜின் பட்டறை:

விமானச் செய்தி எனக்குப் புதிது, மிக்க நன்றி. எரிபொருளுக்கும் என்ஜினுக்கும் பொருந்தாத ஆயில் கெடுக்கும் என்பதை ஏற்கிறேன். சிந்தெடிக் என்ற பெயருக்காகவே பழி போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

என்ஜின் பிடித்துக்கொண்டால் வடித்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான பாட்டிலில் கால் லிட்டர் எடுத்து வையுங்கள், பழைய ஃபில்டரையும் வையுங்கள். ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்தால் பேரிங் துகள் கண்ணுக்கே தெரியும். ஆய்வகத்தில் கொடுத்தால் இன்னும் தெளிவு. சிலிக்கான் ஏறியிருந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியே வந்த புழுதி, சோடியமோ பொட்டாசியமோ ஏறியிருந்தால் கூலன்ட் கசிவாக இருக்கலாம். 40 கிரேடு புது ஆயிலின் தடிமன் 100 டிகிரி செல்சியஸில் 12.5க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் (தடிமன் அலகு) இடையே இருக்கும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தால் டீசல் கலந்திருக்கிறதா என்று இன்ஜெக்டர்களைப் பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் டப்பாவே போலியா என்று பார்க்க வேண்டும். அதற்கு பில்லும் டப்பாவின் பேட்ச் எண்ணும் கையில் இருக்க வேண்டும்.