ஊட்டியில் அம்பாசிடர்: வேக்குவம் கேஜ் 12 இன்ச்தான் காட்டுது, லீக்கா?

கேத்தி அம்பி:
மார்க் 4, 1489 சிசி பெட்ரோல், சோலெக்ஸ் கார்புரேட்டர். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடும்போது) வேக்குவம் கேஜ் 12 இன்ச் (பாதரச அளவு). டயலில் பச்சைக் கோடு 17-லிருந்து 21 வரை. முள்ளும் 11-க்கும் 13-க்கும் நடுவே மெதுவா அலையுது. மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போற குழாய்) கேஸ்கெட் போயிருக்குமா? மலைப்பாதை ஏறும்போது கறுப்புப் புகை வேற.

குன்னூர் பட்டறை:
12-ஐப் பார்த்து பயப்பட வேண்டாம் தம்பி. அந்தப் பச்சைக் கோடு கடல் மட்டத்துக்குப் போட்டது. ஆயிரம் அடி ஏறினா ஏறக்குறைய 1 இன்ச் குறையும். ஊட்டி சுமார் 7,350 அடி. மேட்டுப்பாளையத்தில் 18 காட்டுற இன்ஜின் இங்கே 12 காட்டினா அது நல்ல இன்ஜின்தான்.

முள் மெதுவா அலையுறதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் மிக்ஸ்சர் ரிச், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம். ஒரே தாளத்தில் டக் டக்னு விழுந்தா வால்வைப் பாருங்க.

டியூனிங்குக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் கேப், டைமிங் (பிளக்கில் தீப்பொறி வர்ற நேரம்) சரி பண்ணிடுங்க. டைமிங் லேட்டா இருந்தாலும் முள் அசையாம 1, 2 இன்ச் கீழே நிக்கும். கார்புரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகி அதை மீட்க முடியாது. இன்ஜின் நல்லா சூடாகணும், சோக் முழுக்க ஆஃப் ஆகியிருக்கணும், ஏர் ஃபில்டர் மேலேயே இருக்கட்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றா உள்ளே விடுங்க, ஒவ்வொரு தடவையும் முள் நிலைக்கிற வரை பொறுங்க. முள் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் வெளியே எடுத்தா போதும். ஆர்பிஎம் ஏறியிருக்கும், த்ராட்டில் ஸ்க்ரூவில் இறக்கிட்டு மறுபடி ஒருமுறை. கடைசி வரை இறுக்காதீங்க, ஸ்க்ரூ நுனியில் வளையம் விழுந்துடும்.

கோத்தகிரி வளைவு:
கேஜ் ட்யூபை எங்கே மாட்டினீங்க? டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்குவம் பைப்பில் மாட்டினா ஐட்லிங்கில் சரியான அளவு வராது, அந்தத் துளை த்ராட்டில் தட்டுக்கு மேலே இருக்கு. மேனிஃபோல்டிலேயே எடுக்கணும்.

லீக் பார்க்க கார்ப் கிளீனர் அடிக்காதீங்க. இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அடியிலேயே கொதிச்சுக்கிட்டு இருக்கும், தீப்பிடிக்கும். கேஸ்கெட் ஓரத்தில் தண்ணி ஸ்பிரே போதும். த்ராட்டில் ஷாஃப்ட் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு கெட்டி ஆயில் விடுங்க. முள் சட்டுனு ஏறினா ஷாஃப்ட் தேய்மானம்.

கேத்தி அம்பி:
மேனிஃபோல்டில்தான் மாட்டியிருக்கேன் அண்ணா. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சரி பண்ணதும் முள் 13-ல் நின்னுடுச்சு. ஷாஃப்டும் சரி. ஏத்தத்தில் புகை மட்டும் போகல.

குன்னூர் பட்டறை:
போகாது. அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கு மட்டும்தான், ஏத்தத்தில் பெட்ரோல் கொடுக்கிறது மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளை). இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மிக்ஸ்சர் பத்து சதவீதத்துக்கு மேல ரிச் ஆகும். ஜெட் விட்டத்தில் சுமார் 5 சதவீதம் குறைச்சா ஈடாகும்: 125-ஆம் எண் ஜெட் இருந்தா 120. பர்லியாறிலிருந்து ஏறி, குன்னூர் வந்ததும் ஐட்லிங்கில் விடாம ஆஃப் பண்ணி பிளக்கைக் கழற்றுங்க. கரி படிஞ்சிருந்தா இன்னும் ரிச், காபி நிறம்னா சரி, வெள்ளையா இருந்தா பழைய ஜெட்டையே போட்டுடுங்க.

பழைய ஜெட்டை டேஷ்போர்டில் வச்சிருங்க. கோயம்புத்தூர் பக்கம் நாள் கணக்கா ஓட்டப் போறதா இருந்தா மலையடிவாரக் கல்லாறிலேயே அதை மாத்திடணும். 120-ஓட சமவெளியில் ஃபுல் த்ராட்டில் கொடுத்தா லீனாகி (பெட்ரோல் குறைஞ்சு) ஓவர்ஹீட் ஆகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.