கரையிலிருந்து கடலில் லூர் வீச முதல் நான்கு லூர் எவை?

மணல்திட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இறாலும் மீன் துண்டும் கோத்துத்தான் கரையில் தூண்டில் போட்டு வந்தேன். இப்போது லூருக்கு, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைக்கு, மாறலாம் என்று ஒன்பது அடி ராடு வாங்கியிருக்கிறேன். அதில் 10–40 கிராம் என்று போட்டிருக்கிறது. ரீல் 4000 அளவு, நூல் 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்).

நான் நிற்கும் இடம் இரண்டு விதம். ஒன்று சரிவு குறைவான மணல் கரை, அலை தள்ளித்தான் உடையும். இன்னொன்று கல் கொட்டிய அலைத்தடுப்பு, அதன் முனையில் நல்ல ஆழம். வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் மட்டும்தான் நேரம் கிடைக்கும். சீலாவும் பாறை மீனும் பொடி மீனைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான்கு லூர் மட்டும் வாங்குவதென்றால் எந்த நான்கு? ஒரே லூர் பத்துப் பதினைந்து நிறத்தில் வருகிறதே, எந்த நிறம் எடுப்பது?

நீரோட்டம் எழுதியது:

நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் தம்பி. மீன் இருக்கும் இடம் வரை லூர் போய்ச் சேருமா, சேர்ந்த பிறகு எந்த ஆழத்தில் ஓடும், இந்த இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவருக்குப் படகு கிடையாது, நகர முடியாது. அதனால் லூரின் எடையும் உருவமும்தான் நமக்கு முக்கியம்.

அலைத்தடுப்பு முனைக்கு 28 அல்லது 30 கிராம் மெட்டல் ஜிக் (மீன் வடிவ கனமான உலோகத் துண்டு) ஒன்று. உங்கள் ராடு 40 வரை தாங்கும் என்றாலும் முழு வேகத்தில் திரும்பத் திரும்ப வீச 30 கிராமை ஒட்டி இருப்பதே கைக்கும் ராடுக்கும் இதம். எதிர்க்காற்றிலும் நேராகப் போகும். விழுந்ததும் உடனே சுற்றாதீர்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறங்க விடுங்கள். தரை தட்டினால் நூல் தளரும். அடுத்த முறை அதற்குச் சில எண்ணிக்கை முன்பே சுற்றத் தொடங்கினால் கல்லில் மாட்டாது. டங்ஸ்டன் ஜிக்கும் கிடைக்கும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3, ஈயம் 11.3 தான். அதே எடையில் உருவம் சிறியதாக இருக்கும், வேகமாக இறங்கும். விலை அதிகம். கல்லில் லூர் போகும் வாய்ப்புள்ள இடத்தில் தொடக்கத்திலேயே அது வேண்டாம்.

மணல் கரைக்கு அதே ஜிக் அவ்வளவு பொருந்தாது. சீக்கிரம் தரையில் உட்கார்ந்து மணலைக் கிளறும். அங்கே அதே எடையில் அகலமான ஸ்பூன் (கரண்டி முகம் போன்ற உலோகத் தகடு) எடுங்கள். தட்டையாக இருப்பதால் மெதுவாக, ஆடி ஆடி இறங்கும். சுற்றும்போது மேலேறி ஓடும். 1852லேயே அமெரிக்காவில் ஜூலியோ பியூல் காப்புரிமை வாங்கிய வகை இது. இன்றைக்கும் பெட்டியில் இதற்கு இடம் உண்டு.

மணல் கரையில் இன்னொன்று. அலை உடையும் இரண்டு வரிசைக்கு நடுவே தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் அது பள்ளம். விடியலில் மீன் அந்தப் பள்ளத்துக்குள்தான் வந்து மேயும், சில நாள் காலடிக்குப் பக்கத்திலேயே. ஆகவே முதல் வீச்சைக் கடலை நோக்கி எறியாமல் கரைக்கு இணையாகப் போடுங்கள். தூரம் வீசுவது அப்புறம். பலர் மீனைத் தாண்டி வீசிவிட்டு மீன் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும்.

மூன்றாவது, மிதக்கும் மின்னோ (சிறு மீன் வடிவ லூர்), 12 செ.மீ. மூக்கில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். குட்டையாக, செங்குத்தாக இருந்தால் மேலாக ஓடும். நீளமாக, முன்னே நீட்டியிருந்தால் ஆழம் போகும். கல் இருக்கும் இடத்துக்குக் குட்டைத் தகடு போதும். சுற்றுவதை நிறுத்தினால் தானாக மேலே வந்துவிடும். உள்ளே நகரும் உருண்டை உள்ளதாக வாங்குங்கள். வீசும்போது எடை வாலுக்குப் போய் நிற்பதால் லூர் காற்றில் புரளாது. சஸ்பெண்டிங், அதாவது நிறுத்தினால் அதே ஆழத்தில் நிற்கும், என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். நன்னீருக்குச் சமன் செய்ததாக இருந்தால், உப்பு நீரின் அடர்த்தி சுமார் 1.025 என்பதால் கடலில் அது மெல்ல மேலேறும்.

மின்னோ ஏன் வேலை செய்கிறது என்பதற்கு பின்லாந்துக்காரர் லௌரி ராபலாவைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் தடுமாறி நீந்தும் மீனைத்தான் பெரிய மீன் அடிக்கிறது என்பதைக் கவனித்து, 1936ல் தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தார். நீங்களும் சீராகவே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் நிறுத்துங்கள், ராடை ஒரு வெட்டு வெட்டி இழுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் அடி விழும்.

நான்காவது, நாலைந்து அங்குல ரப்பர் மீன், 20 கிராம் அளவில் ஜிக் ஹெட் (முள்ளோடு சேர்ந்த எடைத் தலை). துடுப்பு வால் உள்ளது. கலங்கல் நீரிலும் அரை இருட்டிலும் மீன் கண்ணை விடப் பக்கக்கோட்டால் (உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடு) உணரும் அதிர்வை நம்பும். அந்த வால் அடித்துக்கொண்டே வருவது அப்போதுதான் உதவும். கொடுவாவுக்கு மிக நல்லது. சீலா வந்தால் வாலை நறுக்கிக்கொண்டு போய்விடும், அன்றைக்கு மெட்டலுக்கு மாறிவிடுங்கள்.

இனி நிறம். தெளிந்த நீர் என்றால் வெள்ளி, நீல முதுகு. கலங்கல் என்றால் வெள்ளை அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை. விடிவதற்கு முன் மேலாக ஓடும் லூர் கறுப்பாகவே இருக்கட்டும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் நிழல் தெளிவாகத் தெரியும். சிவப்பு ஆழத்தில் முதலில் மங்கிவிடும் நிறம், அதற்காகத் தனியாகத் தேட வேண்டாம். நிறத்தை விட அளவு முக்கியம். பொடி மீன் விரல் நீளம் என்றால் லூரும் அந்த நீளம்.

உப்புக்கை எழுதியது:

அண்ணன் பாப்பரை, நீர் மேலே தெறித்துக்கொண்டு ஓடும் லூரை, விட்டுவிட்டாரே! மேலே மீன் கொதித்துக்கொண்டிருக்கும்போது பாப்பர் போல அடி வாங்குவது எதுவும் இல்லை. பாறை மீன் அதன் மேல் பாய்ந்து வருவதைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம். லூரோடு வரும் மூன்று முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போடுங்கள். கல்லில் மாட்டுவது குறையும், மீனை விடுவிப்பதும் எளிது, கையில் குத்தினாலும் ஒன்றோடு போகும். மின்னோவில் மாற்றும்போது எடை பழைய முள்ளுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் கெடும். சீலாவுக்கு ஒரு சாண் ஸ்டீல் வயர் கட்டாயம்.

நீரோட்டம் எழுதியது:

பாப்பரில் எனக்கு விரோதம் இல்லை தம்பி. ஆனால் குழிந்த முகம் காற்றைப் பிடிக்கும், தூரம் குறையும். அலை அதிகமானால் எகிறி நீரை விட்டு வெளியே வந்துவிடும். நான்கில் ஒன்றாக வைக்க மாட்டேன், ஐந்தாவது அதுதான். வயர் பற்றிச் சொன்னது சரி. மெல்லியதாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். சீலா இல்லாத நாளில் நூலுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் லீடர் 30 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நூலாக இருந்தால் போதும்.

மணல்திட்டு எழுதியது:

இருவருக்கும் நன்றி. நிறத்தைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய தெளிவு. ஒரே ஒரு சந்தேகம்: சுற்றும் வேகம் எவ்வளவு?

நீரோட்டம் எழுதியது:

சீலாவுக்கும் பாறை மீனுக்கும் நீங்கள் நினைப்பதை விட வேகமாக. கை வலிக்கும் அளவுக்குச் சுற்றினாலும் அவை பிடித்துவிடும். கொடுவாவுக்கு ரப்பர் மீனின் வால் அசைவது ராடு நுனியில் தெரியும் குறைந்தபட்ச வேகம். எதற்கும் அடி இல்லையென்றால் லூரை மாற்றும் முன் வேகத்தையும் ஆழத்தையும் மாற்றுங்கள். ஏற்றமோ வற்றமோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பாருங்கள். திரும்பியதும் லூர், முள், வளையம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். அலைத்தடுப்பில் ஈரக் கல்லில் ஏறாதீர்கள், கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள், குறடு இடுப்பிலேயே இருக்கட்டும்.