அலிபாக் – கோவா கடலோரம்: ஏற்காடு ஏறிய பழக்கம் போதுமா?

கேள்வி:
சேலத்துக்காரன். டிசம்பரில் மும்பைக்குத் தெற்கே இருக்கிற அலிபாக்கில் கிளம்பி, கொங்கண் கடலோரமாகவே கோவா வரை சைக்கிளில் போகத் திட்டம். முன்னால் 50/34 பல் செயின்ரிங், பின்னால் 11-32 பல் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), டிஸ்க் பிரேக், 32 மி.மீ. டயர். என் எடை 68 கிலோ, வண்டி 13, கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பேனியர் பைகளில் சுமை 14. ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெறும் வண்டியில் நிற்காமல் ஏற முடிகிறது. கடலோரம்தானே, இந்த கியரே போதுமா? பயிற்சியில் எதை மாத்தணும்?

பதில் 1:
போதாதுங்க. ஏற்காடு ஒரே நீள ஏற்றம்; மூச்சு ஒரு கதிக்கு வந்துட்டா கால் பாட்டுக்கு மிதிக்கும். கொங்கணில் ரோடு கழிமுகத்துக்கு இறங்கும், உடனே மேட்டுக்கு ஏறும், திரும்ப இறங்கும். ஒவ்வொன்றும் 100 மீட்டர் உயரம்தான் இருக்கும், ஆனால் செங்குத்து. ஒரு நாளைக்கு இப்படிப் பத்து வந்தால் ஏற்காடே ஏறின கணக்கு.

மொத்தம் 95 கிலோ. முன்னால் 34, பின்னால் 32 பல் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. சொச்சம். 10% சரிவில் அதற்குக் குறைந்தது 210 வாட் வேணும். அவ்வளவு வராதபோது மிதி 45-க்குக் கீழே போய் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். முன்னால் 46/30, பின்னால் 11-34 போட்டால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 6.8 கி.மீ., குறைந்தது 175 வாட். நாள் முழுக்க இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும்.

வாங்கும் முன், செயினை கியர் மாற்றும் பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று பாருங்க. மாட்டியதும் பெரிய செயின்ரிங், பெரிய பல் இரண்டிலும் செயினைப் போட்டுச் சோதிக்கணும். நீளம் பத்தாமல் இழுத்தால் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் முறியும். முன் டீரெய்லரையும் இறக்கணும்: அதன் கூண்டுக்கும் பெரிய செயின்ரிங்கின் பல் நுனிக்கும் 1-3 மி.மீ. இடைவெளி.

பதில் 2:
பயிற்சிக்கு மலைப்பாதையைவிட மேலே ஏற்காட்டில் இருக்கிற லூப் ரோடுதான் சரி. 32 கி.மீ., காபித் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி ஏறும். (அதைக் கார் சவாரிக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பயணத்துக்கு நம்ம ஊர்ப் பக்கம் அதைவிட நல்ல களம் இல்லை.)

சுமைக்கு 5 லிட்டர் தண்ணீர் கேன், பக்கத்துக்கு ஒன்று. கழுத்து வரை நிரப்புங்க. முக்கால் கேன் என்றால் தண்ணீர் அலைந்து வளைவில் வண்டியை ஆட்டும். ஒருமுறையாவது அதே சுமையோடு அடிவாரம் வரை இறங்கிப் பாருங்க, பிரேக்கின் உண்மை அப்போதான் தெரியும். லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக்கின் ரெசின் பேட் (உராயும் கட்டை) சூடேறி மேல்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிடும், கத்தும், பிடிக்காது. நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைச்சு, விட்டு, அப்புறம் வளைவுக்குள் போங்க. பளபளத்த பேடை உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகும். தேய்ந்து 1 மி.மீ. ஆகிவிட்டால் மாத்திடுங்க. இறங்கி முடித்ததும் கேரியர் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கணும், அதிர்வில் லூஸ் ஆகியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. 46/30 பார்க்கிறேன். டயர், கழிமுகங்களைக் கடக்கும் படகு பற்றியும் யாராவது சொல்லுங்க.

பதில் 3:
ஃபிரேமில் இடமிருந்தால் 38 மி.மீ. டயர் போடுங்க. இரண்டு பக்கமும் 5 மி.மீ. இடைவெளி இருக்கணும், இல்லாவிட்டால் செம்மண் சேறு அடைச்சுக்கும்.

வழியில் அகர்தண்டா–திகி, பாக்மாண்ட்லா–வேஷ்வி, தாபோள்–தோபாவே, தவ்சாள்–ஜய்கட் படகுகள். சைக்கிளை ஏற்றிக்கொள்வாங்க. படகுத்துறைச் சரிவில் பாசி வழுக்கும், இறங்கித் தள்ளுங்க. கடைசிப் படகைத் தவறவிட்டால் கழிமுகத்தைச் சுற்றி உள்நாடு போய் வரணும். முந்தின ராத்திரியே நேரம் கேட்டுக்குங்க.

உப்புக் காற்றுக்கு, தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயினைத் துடைச்சு, காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே நிற்பதை வழிச்சிடுங்க. வழிக்காவிட்டால் மணல் ஒட்டி அரைக்கும்.

சுமை வண்டியில் முதலில் போவது பின்சக்கரத்தில் கேசட் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பி. அந்தப் பக்கத்து அளவிலேயே மூணு வாங்கிக்குங்க, எதிர்ப்பக்கத்துக் கம்பியின் நீளம் வேறாக இருக்கும். கேசட்டைக் கழற்றாமல் அதை மாட்ட முடியாது, அதைப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றும் லாக்ரிங் டூலையும் பையில் போட்டுக்குங்க.