போர்பன் டால்பின் கவுந்தது: கேப்டன் தப்பா, பிளான் தப்பா?

டெக்_செல்வம்:
2007 ஏப்ரல் 12, ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கிற ஷெட்லாண்ட் தீவுகளுக்கு மேற்கே, டிரான்ஸ்ஓஷன் ராதர்ங்கிற எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்குக்கு ஆங்கர் (நங்கூரம்) போடப் போன போர்பன் டால்பின்ங்கிற கப்பல் கவுந்துச்சு. 15 பேர்ல 8 பேர் போயிட்டாங்க, அதுல கேப்டனோட 14 வயசுப் பையனும் ஒருத்தன். இன்னிக்கும் "கேப்டன் சரியில்ல"ன்னு ஒரே வரியில முடிக்கிறாங்க, எனக்கு அது ஆறவே மாட்டேங்குது. பிளான் போட்டவங்கதான் முதல் காரணம்.

மேட்_ராஜா:
அண்ணே, டோ பின்னை, அதான் செயின் பக்கவாட்டுல ஓடாம டெக்ல தடுக்கிற கம்பத்தை, இறக்குனது அந்தக் கப்பல்லதானே? நங்கூரச் செயின் ஸ்டார்போர்டு (வலது) பக்க உள் பின்ல சாஞ்சு நின்னுட்டு இருந்துச்சு, அதை இறக்கினதும் போர்ட் (இடது) பக்க வெளி பின்னுக்குப் போயிடுச்சு, இழுவை மொத்தமும் ஒரு பக்கமா விழுந்து கப்பல் சாஞ்சுச்சு. ஸ்டேபிலிட்டி, அதான் கப்பல் கவுராம நிக்கிற கணக்கு, படிச்சவனுக்கு அது தெரிய வேணாமா? வேலையை நிறுத்துற அதிகாரம் மாஸ்டர்கிட்டதான், அதான் கேப்டன்கிட்டதான் இருக்கு.

டெக்_செல்வம்:
தம்பி, பின்னுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருப்பா. ஆழம் 1,100 மீட்டர், அவ்ளோ செயின் தொங்குது, கப்பல் ஆங்கரைக் கொண்டு போக வேண்டிய லைனை விட்டு ஒதுங்கிப் போய்க்கிட்டே இருக்கு. உதவிக்கு வந்த ஹைலேண்ட் வேலர்ங்கிற இன்னொரு கப்பல் கிராப்னல்ங்கிற கொக்கியைப் போட்டு செயினைத் தூக்கப் பாத்துச்சு, நிக்கல. பேப்பர்ல 180 டன் இழுவை, ஆனா நீரோட்டத்துக்கு எதிரா கப்பலைப் பக்கவாட்டுல தள்ளுற த்ரஸ்டரை ஓட்டினா பவர் அங்க போயிடும், அப்புறம் எங்க 180? அந்தக் கேப்டனுக்கு அந்தக் கப்பல் புதுசு, முந்தின கேப்டன்கிட்ட இருந்து பொறுப்பை வாங்குற ஹேண்ட்ஓவருக்குக் கிடைச்சதே ஒன்றரை மணி நேரம்.

நாகை_இன்ஜின்:
ஆபத்துல செயினை விட்டுடுற எமர்ஜென்சி ரிலீஸை மறந்துட்டீங்களே. அமுக்கினாங்க, செயின் ஓடுற வின்ச் டிரம் மெதுவாத்தான் சுத்துச்சு. அமுக்குனா உடனே விட்டுடும்னு நம்புறவன் நம்ம கப்பல்லயும் நிறைய பேர் இருக்கான், அதை நினைச்சாலே பயமா இருக்கு.

மேட்_ராஜா:
அது சரிதான் சார். ஆனா லைனை விட்டு ஒதுங்கினப்பவே நிறுத்திருக்கலாம்ல, நேரம் இருந்துச்சே.

டெக்_செல்வம்:
நிறுத்துறது எப்படி இருக்கும்னு சொல்றேன். கல்ஃப்ல ஒரு சின்ன ஆங்கர் ஹேண்ட்லர்ல போசனா (டெக் ஆட்களுக்குத் தலைவனா) இருந்தேன், கப்பலோட பின்பக்க ஸ்டெர்ன் ரோலர் மேல செயின் கடகடன்னு இறங்கும்போது காலுக்குக் கீழ டெக்கே நடுங்கும். ஒருநாள் ஒயர் ஒரு பக்கமா ஏறிக்கிட்டே வந்துச்சு, நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன், விஎச்எஃப் ரேடியோல ரிக்ல இருந்து "ஏன் நின்னுச்சு, ஏன் நின்னுச்சு"ன்னு கத்துறாங்க. எங்க கேப்டன் நிறுத்தினாரு. அடுத்த கான்ட்ராக்ட்ல அவர் இல்ல. யாரும் காரணம் சொல்லல, எங்களுக்குப் புரிஞ்சுது.

மேட்_ராஜா:
இது எனக்குத் தெரியாது அண்ணே. அதுக்காக மாஸ்டர் பொறுப்பு குறைஞ்சிடாது, நாளைக்கு நான் அந்த சீட்ல உக்காந்தா எனக்கும் அதேதான்.

டெக்_செல்வம்:
பொறுப்பு இல்லன்னு நான் சொல்லவே இல்லையே. 2008ல நார்வே விசாரணைக் கமிஷனே ஒரே ஒரு தப்புன்னு காட்டல, கப்பலோட ஸ்டேபிலிட்டி, கப்பல் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனியான ஆபரேட்டர், ரிக்னு எல்லாப் பக்கமும் ஓட்டை இருந்துச்சுன்னுதான் எழுதுச்சு. ஐஎம்ஓவோட, அதான் சர்வதேசக் கடல்சார் அமைப்போட, ஸ்டேபிலிட்டி கோட்ல ஆங்கர் ஹேண்ட்லிங்குக்குன்னு தனிப் பகுதி அமலுக்கு வந்ததே 2020லதான், எத்தனை வருஷம் ஆச்சு பாரு.

நாகை_இன்ஜின்:
ராஜா தம்பி, சீட்ல உக்காரும்போது முதல்ல எமர்ஜென்சி ரிலீஸை லோடோட டெஸ்ட் பண்ணச் சொல்லு. டிரம் எவ்ளோ நேரத்துல விடுதுன்னு உன் கண்ணால பாத்துக்கோ.